பந்து தொடும் இடம்

ஜூன் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால் மணி.

கீழ்த்தளத்து கராஜிலிருந்து, காலித் தகர டின்னைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போன்ற ஒரு சத்தம் மூன்றாம் மாடிவரை வந்தது. நான் காப்பித் தம்ளரை மேஜையில் வைத்தேன். அம்மா அடுப்பைத் தணித்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அது என்ன சத்தம் என்று இருவருக்குமே தெரியும்.

அப்பா மேலே வந்து, செருப்பைக் கழற்றி, கை கழுவி, நாற்காலியில் அமரும்வரை அம்மா பொறுத்திருந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது. சின்னதாத்தான். விரல் வெச்சுத் தேச்சா போயிடும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னேள்."

"போன வாரம் வலது பக்கமாக்கும்."

இதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் சமமாக இடிக்கிறவரை ஒருதலைப்பட்சமானவர் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

அம்மா சிரிக்கவில்லை. "கேட்டேளா, நான் ஒண்ணு சொல்றேன்," என்றாள். எங்களைப் போன்ற பாலக்காட்டுக் குடும்பங்களில் மனைவி கணவரைக் கூப்பிடும் சொல் அது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைத் தொடர்ந்து வருவது பெரும்பாலும் தீர்ப்பாகத்தான் இருக்கும்.

"சொந்த கராஜுக்குள்ளே ஒரு கீறல் இல்லாம வண்டியை விட்டுக் காட்டுங்கோ. அப்பறம் காட் ரோடு ஏறலாம். இல்லேன்னா நானும் அம்முவும் ரயில்ல போயிக்கறோம்."

"முப்பது வருஷமா ஓட்டறேன்."

"முப்பது வருஷமா இடிக்கலை. ரெண்டு மாசமாத்தான் இடிக்கறேள். அதனாலதான் கேக்கறேன்."

அம்மு என்பது நான். புனேயில் இருக்கும் என் அக்காவுக்கு ஜூலை முதல் ஞாயிறு சீமந்தம் வைத்திருந்தார்கள். வளையல், புடவை, பட்சண டப்பாக்கள் இவற்றோடு எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மழையில் காட் ரோடு என்னும் மலைப்பாதை ஏறி, புனேவரை தானே ஓட்டிச் செல்வதாக அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டிருந்தார். அப்பாவை நம்பி அந்த வண்டியில் ஏறலாமா? கேள்வி அவ்வளவுதான். அந்த ஜூன் மாதத்தில் எனக்குத் தெளிவாக இருந்ததும் அந்தக் கேள்வி மட்டும்தான்.

ஒல்லி வண்டிகளின் காலம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கட்டடத்தின் மாடிப்படிகளைப் பற்றி எழுதியபோது, கராஜைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்த வரிக்கு நான் திரும்ப வேண்டியிருக்கிறது.

பம்பாயின் செம்பூரில் எங்கள் கட்டடம் எழுந்த காலத்தில் கார்கள் ஒல்லியாக இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்களும் ஒல்லியாக இருந்திருக்க வேண்டும். அந்த அளவுகளை நம்பி ஓர் எஞ்சினியர் கீழ்த்தளத்தில் நான்கு கராஜ்களைக் கட்டினார். பிறகு கார்கள் பெருத்தன. சுவர்கள் அப்படியே நின்றுவிட்டன.

இன்று முதல் கராஜில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் நடக்கிறது. இரண்டாவதில் ஒரு குடும்பத்தின் கொலு பொம்மைகளும் உடைந்த சோபாவும் குடியிருக்கின்றன. மூன்றாவதில் இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். நான்காவதில் மட்டுமே கார் நிற்கிறது. அது எங்களுடையது.

வெளியே காம்பவுண்டில் நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது யாருடைய வண்டியின் மீதாவது ஒரு கிளையை இறக்கிவைக்கும். கிளை விழாத நாட்களில் காகங்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.

எனவே கராஜ். பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு நேராக நுழைந்தால், இடப்பக்கம் நான்கு விரல் இடம் மிஞ்சும். வலப்பக்கம், ஓட்டுகிறவர் இறங்குவதற்காக, ஒரு சாணைவிடச் சற்று அதிகம் விட வேண்டும். நானும் அம்மாவும் எப்போதும் வெளியிலேயே இறங்கிவிடுவோம். அப்பா உள்ளே விட்டு, கதவைப் பாதி திறந்து, வயிற்றை எக்கி, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வருவார். வாரக் கடைசியில் அவருடைய சட்டைகளின் முதுகில் எல்லாம் சுண்ணாம்பு இருக்கும்.

அளவு என்பது அப்பாவுக்கு அந்நியமான விஷயம் அன்று. டிராம்பே பக்கம் ஒரு நிறுவனத்தில் கருவிகளின் அளவுகளைச் சரிபார்க்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்தவர். இப்போது மேஜை வேலை. வார நாட்களில் தெருமுனையில் ஸ்டாஃப் பஸ் வந்து அழைத்துக்கொண்டுபோகும். கார் சனி ஞாயிறுக்குத்தான். அப்படிப்பட்டவர், தானே அளந்து வைத்த சுவரில் எப்படி இடிக்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை.

பந்தும் மற்றவையும்

அம்மாவின் தீர்ப்பை அப்பா ஒரு தொழில்நுட்பச் சிக்கலாக எடுத்துக்கொண்டார். அன்று மாலையே பந்து வந்தது.

இது பலருக்குப் பயன்படக்கூடும் என்பதால் சொல்கிறேன். ஒரு பழைய டென்னிஸ் பந்தைத் துளைத்து நைலான் கயிறு கோக்க வேண்டும். வண்டியை ஒருமுறை, யாரையாவது பக்கத்தில் நிற்கவைத்து, மிகச் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவரின் முகத்துக்கு நேரே பந்து முன்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி கயிற்றைக் கூரையில் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பந்து தொட்டதும் நிறுத்தினால், முன்னால் சுவர் தப்பும், பின்னால் ஷட்டர் இறங்கும்.

பந்து நீளத்துக்கு. அகலத்துக்கு வேறு வழி வேண்டும். இடது சக்கரம் ஓட வேண்டிய பாதையைத் தரையில் கோடாகப் போட்டுவிட்டு, நுழைவதற்கு முன்பே வெளியில் வண்டியை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். உள்ளே போன பிறகு ஸ்டியரிங்கைத் திருத்த நினைப்பவர் சுவரைத் தேடிப் போகிறார் என்பது அப்பாவின் வாதம்.

அந்தக் கோட்டை அம்மா இழை கோலமாக, ஈர அரிசி மாவில் இழுத்துக் கொடுத்தாள். இரு வரிகள், நடுவில் ஒரு புள்ளிகூடக் கிடையாது, அவ்வளவு அடக்கமான கோலத்தை அவள் வாழ்நாளில் போட்டதில்லை. மறுநாள் எறும்புகள் அதை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போயின. அப்பா கடையிலிருந்து பளிச்சென்ற மஞ்சள் டேப் வாங்கிவந்து தரையில் ஒட்டினார். அடுத்த நாள் கராஜ் வாசலின் தூண்களிலும் ஒட்டினார். அதற்கடுத்து, பழைய யோகா பாயைக் கிழித்துச் சுவரில் பதித்தார். முன்சக்கரம் முட்டி நிற்க ஒரு கட்டையை வைத்தார். ஒவ்வொரு மாலையும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் கராஜுக்குத்தான் போனார்.

நான் துணைக்குப் போவேன். அங்கே ஒரு தூணருகே நின்றுகொண்டு, அவர் வண்டியை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விடுவதைப் பார்ப்பது என் வேலை. எனக்கும் ஓட்டத் தெரியும், உரிமமும் உண்டு. ஞாயிறு விடியலில் டிராம்பே சாலை காலியாகக் கிடக்கும்போது அப்பா சாவியைத் தருவார். ஆனால் கராஜுக்குள் விட என்னை ஒருபோதும் அனுமதித்ததில்லை.

ஆனே தோ

இந்த நகரத்தில் வண்டி நிறுத்துவது என்பது இருவர் செய்யும் வேலை. ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர், யார் என்ற கணக்கே இல்லை, வழியில் போகிறவர்கூட, பின்னால் நின்று கையை அசைத்து "ஆனே தோ, ஆனே தோ" என்று கூவுவார். வரட்டும், வரட்டும் என்று பொருள். போதும் என்பதற்கு வண்டியின் மீது உள்ளங்கையால் ஓர் அடி.

எங்கள் வாட்ச்மேன் யாதவ்ஜி இந்தக் கலையில் அளவுக்கு மீறிய உற்சாகம் உடையவர். வண்டி வருகிறதா, போகிறதா, நிற்கிறதா என்பது அவருக்குப் பொருட்டில்லை. "ஆனே தோ சாப்!" என்பார். ஒருமுறை ஷட்டர் மூடியிருந்தபோதும் சொன்னார்.

"யாதவ்ஜி, தீவார் ஹை!" என்று நான் கத்தினேன். சுவர் இருக்கிறது என்று.

"தீவார் தோ ரஹேகீ ஹீ, பேட்டா," என்றார் அமைதியாக. சுவர் இருக்கத்தான் செய்யும் மகளே.

அப்பா அவரை நம்பியதில்லை. விநோதம் என்னவென்றால், அந்த இரண்டு வாரங்களில் அவரை அழைக்கத் தொடங்கினார். "யாதவ்ஜி, ஆவோ. கடே ரஹோ." வந்து நில்லுங்கள் போதும் என்பதுபோல. ஒரு குரலாவது இருக்கட்டும் என்று நினைத்தாரா? அப்போது நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் புரியாதவை

என் படிப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பம்பாயில் பிறந்து, இந்தியில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் ஒரு பட்டம் வாங்கிய பிறகு, தமிழ் இலக்கியத்தை அஞ்சல்வழியில் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் கேட்கிறவர்களுக்கு நான் இன்னும் ஒழுங்கான பதில் கண்டுபிடிக்கவில்லை. அணியிலக்கணப் பாடத்தில் ஐயம் என்று ஒன்று வரும். இதுவோ, அதுவோ என்று தடுமாறுவது. மயக்கம் என்று இன்னொன்று. ஒன்றை மற்றொன்றாகவே கொண்டுவிடுவது. தேர்வுக்காக அந்த இரண்டையும் பிரித்துப் படித்துக்கொண்டே, மாலையில் கராஜில் போய் நிற்பேன். என் நிலை முதலாவது. அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஏனென்றால் எதுவும் எதனோடும் பொருந்தவில்லை. மேகம் மூடிய மாலைகளில் அப்பா கோடு பிசகாமல் உள்ளே விட்டார். வெயில் அடித்த காலைகளில் தடுமாறினார். வெயிலில் நன்றாகத் தெரிய வேண்டாமோ? ஒருவேளை காலையில் அவசரமோ என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன அவசரம்?

கராஜ் விளக்கு மங்கல் என்றார். பெரிய பல்பாகப் போட்டோம். இரண்டே நாளில் அதைக் கழற்றச் சொன்னார். "இப்போ வர பல்பெல்லாம் மோசம். சுத்தி ஒரு வட்டம் போடறது." எனக்கு எந்த வட்டமும் தெரியவில்லை. எல்.ஈ.டி. பல்புகளின் தரம் குறைந்துவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காகிதத்தால், துணியால், சோப்புத் தண்ணீரால், பிறகு ஒரு நீலத் திரவத்தால். "எத்தனை தொடச்சாலும் ஒரு புகை மாதிரி நிக்கறது அம்மு. கண்ணாடியே பழசாயிடுத்தோ என்னவோ." நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவருடைய தூய்மை என்னுடையதைவிட உயர்ந்த அளவில் இருக்கிறது என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

இவற்றை இப்போது ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதும்போது யாருக்கும் புரிந்துவிடும். அவை ஒன்றின் கீழ் ஒன்றாக வரவில்லை. நடுநடுவே சமையல், தேர்வு, மழை, அக்காவின் தொலைபேசி எல்லாம் வந்தன.

அம்மாவின் தரப்பு

அம்மாவுக்குக் குழப்பமே இல்லை. "வண்டிக்கு திருஷ்டி. வேற என்ன?"

இங்கே சனிக்கிழமைதோறும் ஒருவர் கடை கடையாகப் போய், ஓர் எலுமிச்சம்பழமும் சில பச்சை மிளகாயும் ஒரு கரித்துண்டும் கோத்த சரத்தை வாசலில் கட்டிவிட்டு, பழையதை அறுத்துத் தெருவில் எறிந்துவிட்டுப் போவார். கீழே மாவுக் கடைக்கு வாடிக்கையாக வருபவரை அம்மா எங்கள் கராஜுக்கும் ஏற்பாடு செய்தாள். முதல் சனிக்கிழமை அவர் ஷட்டரின் மூலையில் இருந்த ஆணியில் கட்டினார்.

அப்பா ஏளனமாகப் பார்த்தார். "பந்து பத்தலைன்னு இது வேறயா?"

"உங்க பந்து சுவத்துக்கு. இது ஊர் வாய்க்கு."

மறுநாள் ஞாயிறு, வெயில். அப்பா இடது முன்கதவை நீளமாக உரசிக்கொண்டு உள்ளே போனார். மஞ்சள் டேப் ஒட்டிய தூணிலேயே.

இரண்டு நாள் கழித்து அம்மா ரயில் டிக்கெட்டைப் பற்றி என்னிடம் தனியாகக் கேட்டாள். அப்பா அதைக் கேட்டுவிட்டார். "இன்னும் ஒரு ஞாயிறு இருக்கு," என்றார். கெஞ்சல் இல்லை, ஆனால் கெஞ்சலுக்குப் பக்கத்து வீட்டுக் குரல்.

குர்லாவில் சுடலைமுத்து அண்ணன்

வெள்ளிக்கிழமை வண்டியைப் பெயிண்ட் வேலைக்கு விட்டோம். தாராவியில் வீடும் குர்லாவில் சின்னதாக ஒரு பட்டறையும் வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணனுக்கு எங்கள் வண்டி நன்றாகப் பழக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஞாயிறு காலை, நானும் அப்பாவும் வண்டியை எடுக்க ஆட்டோவில் சென்றோம்.

"வாங்க சாரே. வண்டி மாப்பிள்ள கணக்கா நிக்கு, பாத்தியளா?"

அப்பா சிரித்தார். வண்டியைச் சுற்றிவந்தார்.

"நான் ஒரு யோசன சொல்லுதேன்," என்றார் அண்ணன், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "உங்க கராஜ் செவுத்த ரெண்டு பக்கமும் இதே வெள்ளக் கலர்ல அடிச்சுத் தந்திருதேன். பொறவு எவ்வளவு இடிச்சாலும் தெரியாதுல்லா?"

"ரிவர்ஸ்ல விட்டா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாளே, உண்மையா?" என்று கேட்டார் அப்பா.

"சரியாயிரும் சாரே. இப்பம் முன்னால இடிக்கிய, பொறவு பின்னால இடிப்பிய. எனக்கும் ஒரு மாத்தம் வேணும்லா?"

மூவரும் சிரித்தோம். அப்பா குனிந்து, புதுப் பெயிண்ட் அடித்த கதவில் விரலை ஓட்டினார். முகம் கொஞ்சம் மாறியது.

"கலர் சரியா சேரலை போலிருக்கே. மஞ்சள் அடிக்கறதே."

"மஞ்சளா? வெள்ள சாரே, சுத்தமான வெள்ள." அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ பாரு."

நான் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. இருவருக்கும் நடுவே நின்றுகொண்டு, "கொஞ்சம் வெளிச்சத்தைப் பொறுத்தது போலிருக்கு," என்று யாருக்கும் உதவாத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

திரும்பும் வழியில் அப்பா மிக மெதுவாக ஓட்டினார். ஒரு சிக்னலில் பச்சை விழுந்தது. அவர் நகரவில்லை. பின்னால் ஹார்ன்கள் எழுந்த பிறகே நகர்ந்தார்.

"இவாளுக்கெல்லாம் என்ன அவசரம்னு தெரியலை," என்றார்.

புதுப் பெயிண்டின் மீதுள்ள கவனம் என்று எண்ணிக்கொண்டேன். என் கை மட்டும் கதவின் பிடியைப் பற்றியிருந்தது. ஏன் பற்றினேன் என்று என் கையைக் கேட்டிருக்க வேண்டும்.

மழை விட்ட நேரம்

செம்பூர் வந்தபோது மழை நின்று, கண்கூசும் வெயில். ஈரமான காம்பவுண்டுத் தரை முழுவதும் பளபளத்தது. அம்மா கீழே இறங்கிவந்து நின்றிருந்தாள். ஒப்புக்கொண்டபடி இதுதான் கடைசி ஞாயிறு. இதில் கீறல் விழுந்தால் ரயில்.

நான் வெளியிலேயே இறங்கி, பக்கக் கண்ணாடிகளை மடக்கினேன். அப்பா பின்னால் போய், முன்னால் வந்து, வண்டியை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆனே தோ சாப், ஆனே தோ!"

வண்டி அழகாக உள்ளே போனது. இடப்பக்கம் நான்கு விரல். வலப்பக்கம் ஒரு சாணுக்கு மேல். எங்கும் உரசல் இல்லை. நான் மூச்சை விட்டேன். பிரேக் விளக்கு எரிந்தது. எஞ்சின் நின்றது.

வண்டியின் பின்பகுதி ஷட்டருக்கு வெளியே நின்றது.

"ஔர் ஆனே தோ," இன்னும் வரட்டும் என்றார் யாதவ்ஜி. வாழ்வில் முதல்முறையாகச் சரியான நேரத்தில்.

அப்பா கேட்கவில்லை. கதவைப் பாதி திறந்து, வயிற்றை எக்கி இறங்கி, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாகியிருந்தது.

"பாத்தேளா ரெண்டு பேரும்? ஒரு கீறல் உண்டா?"

"கீறல் இல்லை," என்றாள் அம்மா. "ஆனா பின்னாடி வெளியில நிக்கறதே. இன்னும் கொஞ்சம் முன்னாலே எடுங்கோ."

"அதுக்கு மேலே போனா சுவர். பந்து தொட்டுடுத்து."

"எங்கே தொட்டுது?"

"இதோ." முன்கண்ணாடியின் பக்கம் கையைக் காட்டினார்.

அவர் காட்டிய இடத்தில், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு, ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது. அதன் கீழே மிளகாய்கள். பந்து அதற்கும் உள்ளே, இரண்டடி தள்ளி, யாரையும் தொடாமல் இருட்டில் இருந்தது.

முந்தைய நாள் வண்டி குர்லாவில் இருந்தபோது வந்தவரிடம், மூலையில் கட்டி என்ன பயன், வண்டியின் முகத்துக்கு நேரே தாழத் தொங்கவிடு என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் கூரையிலிருந்து நீளமான கயிற்றில் அப்படியே தொங்கவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தாள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். "கேட்டேளா, அது எலுமிச்சம்பழம்! சனிக்கிழமை கட்டினது!"

அப்பா திரும்பி அதைப் பார்த்தார். ஒரு கை நீட்டினால் எட்டும் தூரம். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டி, விரல்களால் மெதுவாகத் தொட்டார். பழத்தைத் தொட்டார். கீழே இறங்கி மிளகாயைத் தொட்டார். ஒவ்வொரு மிளகாயாக.

அம்மாவின் சிரிப்பு நின்றது.

மாவுக் கடையில் கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா அந்தச் சரத்தை விட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு வந்தார். வந்ததும் கண்ணைச் சுருக்கினார். இத்தனை நாள் நான் அதைக் கோபம் என்று நினைத்திருந்தேன்.

"எத்தனை நாளா?" அம்மா தணிந்த குரலில் கேட்டாள்.

"தெரியலை. கண்ணாடிதான் அழுக்குன்னு நெனச்சேன். தொடச்சுண்டேதானே இருந்தேன்."

"எங்கிட்டே சொல்லப்படாதா?"

"சொல்ல என்ன இருக்கு? எல்லாருக்கும் இப்படித்தான் தெரியறதுன்னு நெனச்சேன். வயசானா உலகமே கொஞ்சம் மங்கல்னு..."

அம்மா அவர் முதுகில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். ஒருமுறை தட்டினால் போதும். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று யாரும் வண்டியை நகர்த்தவில்லை. மதியம் மறுபடி மழை பிடித்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பின்பகுதியின் மேல் யாதவ்ஜி ஒரு நீலத் தார்பாலினைப் போட்டார். சாயங்காலம் அம்மா புனேக்குப் பேசினாள். "ரயில்ல வரோம். ஆமா, மூணு பேரும். ஒண்ணுமில்லேடி, மழையாக்கும்." நான் மாட்டுங்காவில் ஒரு கண் மருத்துவரிடம் மறுநாள் காலைக்கு நேரம் வாங்கினேன்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதிருந்ததா? அந்த மஞ்சள் டேப், அந்தப் பந்து, அழைத்து நிறுத்திய வாட்ச்மேன் எல்லாம் எங்களிடம் மறைப்பதற்காகவா, தன்னிடமே மறைப்பதற்காகவா, அல்லது உண்மையாகவே வண்டியை நிறுத்துவதற்காகத்தானா? நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது: குர்லாவிலிருந்து செம்பூர்வரை, அந்தப் பச்சை சிக்னல் உட்பட, அவருக்கு என்ன தெரிந்தது?

மறுநாள் காலை

அப்பா அலுவலகத்துக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். ஸ்டாஃப் பஸ் தெருமுனையில் ஹார்ன் அடித்துவிட்டு அவரில்லாமல் போனது. அவர் அதன் சத்தம் போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாவி என் கையில் இருந்தது. அவர் கேட்கவில்லை. நானும் தருவதாகச் சொல்லவில்லை.

நான் தார்பாலினை விலக்கி, சுவருக்கும் கதவுக்கும் நடுவே என்னை நுழைத்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். பெடல்கள் எனக்கு எட்டாத அளவுக்கு இருக்கை பின்னால் தள்ளியிருந்தது. நுனியில் உட்கார்ந்து, கழுத்தை முழுவதும் பின்னால் திருப்பி, அங்குலம் அங்குலமாக வண்டியை வெளியே எடுத்தேன். உரசவில்லை.

காம்பவுண்டில் நிறுத்தியதும் அப்பா வந்தார். பழக்கத்தில் வலப்பக்கக் கதவுக்கு வந்து கைப்பிடியில் கை வைத்தார். உள்ளே நான். ஒரு கணம் இருவரும் கண்ணாடிக்கு இருபுறமும் இருந்தோம். பிறகு அவர் கையை எடுத்து, பானட்டின் மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டே முன்புறமாகச் சுற்றிவந்து, இடப்பக்கம் ஏறி அமர்ந்தார். பெல்ட்டின் நாக்கு துளையில் பொருந்தக் கொஞ்சம் நேரமானது. நான் உதவவில்லை. பொருந்தும்வரை காத்திருந்தேன்.

எஞ்சினைக் கிளப்பினேன். அப்பா நேராக முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நடுக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கோ அம்மு. அது என் ஒசரத்துக்கு இருக்கும்."

நான் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, கையை உயர்த்தி, அதை என் பக்கம் திருப்பினேன்.